சீனியர் போன பிறகு மன்றம் யாருடையது?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறேன். இங்கே சில ஆண்டுகளாக ஒரு சுயசிந்தனை மன்றம் நடத்துகிறோம். கடவுள், மதம், சாதி, போலி அறிவியல் என்று எதைப் பற்றியும் பேசலாம். நாற்பது பேர் இருக்கிறோம். ஆரம்பித்து நடத்திய அண்ணன் ஆய்வை முடித்துவிட்டு வரும் மே மாதம் கிளம்புகிறார். வாட்ஸ்அப் குழு, இன்ஸ்டாகிராம், பணம் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. போன மாதம் ஓர் அரசியல் மாணவர் அமைப்பைச் சேர்ந்த பதினைந்து பேர் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். அடுத்த தலைவர் தங்கள் ஆள்தான் என்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கு நாங்கள் ஒட்டிய போஸ்டர் பிரச்சினையாகி, மாணவர் நல டீன் கூப்பிட்டு "உங்களுக்கு பைலா என்று ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. சாமி கும்பிடுகிறவர்களைச் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. விதிமுறையை எப்படி எழுதுவது ஐயா? கூட்டத்தில் பெரியார் படம் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: டீன் கோபத்தில் கேட்டிருந்தாலும் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

கடலூர், புதுவைப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட மன்றங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பு வந்து மூடியவை குறைவு. சீனியர் பட்டம் வாங்கிக்கொண்டு போன கையோடு படுத்துக்கொண்டவைதான் அதிகம். வேதத்தைக் கேள்வி கேட்பார்கள், குரானைக் கேட்பார்கள், பைபிளைக் கேட்பார்கள். வரவு செலவு எங்கே என்று அண்ணனை மட்டும் கேட்க மாட்டார்கள். உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். விதிமுறை எழுதும்போது, நாளைக்கு அந்த நாற்காலியில் மோசமான ஒருவர் உட்காருவார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். புதுவையில் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவு செய்யலாம். ஆனால் அந்த ஏழு பேரும் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலை யார் தாக்கல் செய்வது? மாணவர் மன்றத்துக்கு அது வேண்டாத சுமை. பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் போதும். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அரங்கும் அறிவிப்புப் பலகையும் அதோடு சேர்ந்து வந்துவிடாது. அவற்றுக்கு டீன் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்தை எளிதாக வாங்கித்தருவது நோக்கப் பிரிவு. "மூடநம்பிக்கை ஒழிப்பு", "மத எதிர்ப்பு" என்றெல்லாம் ஆரம்பித்தால் கோப்பு மேசையிலேயே கிடக்கும். அரசமைப்பின் 51ஏ பிரிவைப் பாருங்கள். 1976ல் 42ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்தறியும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. உங்கள் நோக்கத்தை அந்தச் சொற்களிலேயே எழுதிவிடுங்கள். அரசமைப்பில் இருப்பதை அடித்துத் திருத்த எந்த அதிகாரியும் பேனாவை எடுக்க மாட்டார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "மன்றம் எந்த மதத்தையும் கட்சியையும் சாராது, எந்தக் கருத்தும், மன்றத்தின் சொந்தக் கருத்து உட்பட, விவாதத்துக்கு உரியது."

சாமி கும்பிடுகிறவர் விஷயத்துக்கு வருவோம். வடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு ஞானசபையில் ஜோதி தரிசனம் பார்க்கிற குடும்பம். அதே மாணவர் சாதியை ஏற்க மாட்டார், சடங்கை ஏற்க மாட்டார், யாரோடும் சமமாக உட்கார்ந்து வாதாடுவார். அவரை வெளியே நிறுத்திவிட்டு, சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டே சாதிப் பெயரைக் கேட்டுப் பழகுகிற ஒருவரை உள்ளே விடப்போகிறீர்களா? வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை 1869ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போன ஊர் நம்முடையது. அதில் இரண்டு தரப்புமே கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள்தான். நம்பிக்கைக்குள்ளேயே இவ்வளவு கேள்வி கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

என் யோசனை இதுதான்: உறுப்பினராக நம்பிக்கையைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாரும் சேரலாம். நிர்வாகப் பொறுப்புக்கு வருகிறவர் நோக்கப் பிரிவை ஏற்பதாக எழுத்தில் கையெழுத்துப் போடட்டும். அதோடு போதும். வீட்டில் விளக்கு ஏற்றுகிறாரா என்று விசாரிக்கப் போனால் நீங்களும் ஒரு மடம் ஆகிவிடுவீர்கள்.

அந்தப் பதினைந்து பேர்? அவர்களைக் குறிவைத்து விதி எழுதாதீர்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும், டீனிடம் புகார் போகும், புகார் நியாயமாகவும் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போடுங்கள்: அந்தக் கல்வியாண்டில் மூன்று கூட்டங்களுக்காவது வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவருக்கே வாக்கு. இதைப் போட்டதும் உங்கள் பழைய ஆட்களிலேயே பலருக்கு வாக்கு போய்விடும், தயாராக இருங்கள். அப்புறம், வேறொரு அரசியல் அல்லது மத அமைப்பில் பொறுப்பில் இருப்பவர் இங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் ஆக முடியாது என்றும் எழுதுங்கள். உறுப்பினராக இருக்கலாம், பேசலாம், வாக்களிக்கலாம். எந்தக் கொடியாக இருந்தாலும் இதே விதி. உங்களுக்குப் பிடித்த கொடிக்கும்தான். இத்தனைக்கும் பிறகு அந்தப் பதினைந்து பேர் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வந்து, தேர்தலில் நின்று ஜெயித்தால் ஜெயிக்கட்டும். நோக்கப் பிரிவை மாற்ற மட்டும் நான்கில் மூன்று பங்கு வாக்கும் பதினைந்து நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று பூட்டிவையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பதவிக்காலம் ஒரு கல்வியாண்டு. ஒரே பதவியில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தேர்தலை மே மாதத்தில் வைக்காதீர்கள். ஜனவரி கடைசியில் வையுங்கள். புதியவர்கள் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பழையவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே வேலை கற்றுக்கொள்வார்கள். தேர்வு, பிராஜெக்ட், ஹால் டிக்கெட் என்று எல்லோரும் ஓடுகிற ஏப்ரலில் யாரும் யாருக்கும் எதையும் ஒப்படைக்க மாட்டார்கள்.

ஒப்படைப்பை ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, ரசீதுப் புத்தகம், பில் கோப்பு, கையிருப்புப் பணம், டீன் அலுவலகக் கடிதங்கள், இரவல் போன புத்தகங்கள் யாரிடம் என்ற பட்டியல், பேனர் துணி, மன்றத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சல். மின்னஞ்சலில்தான் சூட்சுமம். இன்ஸ்டாகிராம் கணக்கை அண்ணனின் சொந்த மின்னஞ்சலில் திறந்திருப்பார். முதல் வேலையாக அதை மன்ற மின்னஞ்சலுக்கு மாற்றி, மீட்பு எண்ணாகச் செயலாளரின் எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒப்படைக்கும் இடத்திலேயே, எல்லோர் கண்ணெதிரிலும் மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு எப்போதும் மூன்று அட்மின்கள் இருக்கட்டும். பதவி முடிந்தவர் அன்றே சாதாரண உறுப்பினர் ஆக வேண்டும்.

"நிறுவனர்" என்று ஒரு பதவியை மட்டும் உருவாக்கிவிடாதீர்கள். நம்மூர்ச் சுவரொட்டிகளில் எத்தனை நிறுவனத் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், புரியும். அண்ணனுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போடலாம், நல்ல புத்தகம் ஒன்றைக் கொடுக்கலாம். வாக்கு வேண்டாம்.

நிர்வாகியை நீக்கும் வழியும் விதியில் இருக்க வேண்டும். வாக்குரிமை உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்கினர் எழுதிக்கொடுத்தால் ஏழு நாள் முன்னறிவிப்போடு சிறப்புக் கூட்டம். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது. குற்றச்சாட்டு அவர் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும், பதில் சொல்ல நேரம் தர வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டைவிரல் குறி போட்டு யாரையும் நீக்கக் கூடாது.

தீர்மான நோட்டு இப்படி இருந்தால் போதும்: "தீர்மானம் 3. ஜோதிடம் பற்றிய விவாதத்துக்கு ஜோதிடர் ஒருவரையும் அழைப்பது. முன்மொழிவு, வழிமொழிவு, ஆதரவு 11, எதிர்ப்பு 4, நடுநிலை 2. எதிர்த்தவர்கள் சொன்ன காரணம்: மேடை கொடுத்தால் மதிப்புக் கொடுத்ததாகும்." கடைசி வரியைப் பாருங்கள். தோற்றவர்களின் காரணத்தையும் எழுதிவைப்பது மற்ற மன்றங்களில் வழக்கமில்லை. உங்கள் மன்றத்தில் வழக்கமாகட்டும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கும். தொகை சிறியதுதானே என்றுதான் கணக்கு விட்டுப்போகிறது. யாருடைய ஜிபேயிலும் மன்றப் பணம் தங்கக் கூடாது. துறைக் கணக்கு வழியாகவோ டீன் அலுவலகக் கணக்கு வழியாகவோ போகட்டும். செலவுக்குச் செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்து. மாதம் ஒருமுறை வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். புதுச்சேரிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கே பலருக்குப் பாரிசில் மாமாவோ பெரியப்பாவோ இருப்பார்கள்; பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். நல்ல மனதோடு இருநூறு யூரோ அனுப்புகிறேன் என்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் தமிழரே ஆனாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லாத உங்கள் மன்றம் அதைத் தொடக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. ஆனாலும் மாணவர் மன்றம் உள்ளூர்ச் சந்தாவில் ஓடுவதுதான் நிம்மதி.

போஸ்டரை நான் பார்க்கவில்லை, அதனால் சரி தவறு சொல்ல மாட்டேன். சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு ஒரு பிரிவினரின் மத உணர்வைக் கொந்தளிக்கச் செய்ய அவர்கள் மதத்தை இழிவுபடுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. ஜாமீனில் விடத்தகாத குற்றம். எல்லா விமர்சனமும் இதில் வராது, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்வதே வரும் என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குள் உங்கள் ஒரு செமஸ்டர் போய்விடும்.

பெரியார் செய்ததைத்தானே செய்கிறோம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். 1953ல் திருச்சியில் அவர் களிமண் பிள்ளையாரை உடைத்த வழக்கு 1958ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நாளாகிவிட்டது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் கடையில் விற்கும் மண்பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்ற கீழ் நீதிமன்றங்களின் விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு சமூகத்தினர் புனிதமாகக் கருதும் எதுவும், புனிதப் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய பழைய 295ஆம் பிரிவுக்குள் (295ஏ அல்ல) வரலாம் என்றார்கள். ஆகவே அந்த வழக்கைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

விதியில் எழுத வேண்டியது எளிது. மன்றத்தின் பெயரில் வரும் எந்தப் போஸ்டரையும் பதிவையும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் பார்த்து, நோட்டில் பெயர் எழுதியிருக்க வேண்டும். தனிப்பட்ட பதிவில் மன்றத்தின் பெயர் வரக் கூடாது. கோட்பாட்டைக் கேள்வி கேட்கலாம், கும்பிடுகிற ஆளைக் கேலி செய்யக் கூடாது. ரசாயனச் சாயம் பூசிய சிலைகளைக் கடலில் கரைத்தால் என்ன ஆகும் என்று போட்டால், கும்பிடுகிறவர்களும் நின்று படிப்பார்கள். வீராம்பட்டினம் தேருக்குப் போய் நோட்டீஸ் கொடுக்கலாம் என்ற யோசனையும் வரும். வளாகத்துக்கு வெளியே உங்கள் அங்கீகாரம் செல்லாது, வேண்டாம்.

உறுப்பினர் பட்டியலை யாரும் திறக்கும் கூகுள் ஷீட்டில் வைக்காதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் வருகிற பெண்கள் இருப்பார்கள். கடவுள் மறுப்புப் பேசிய இளைஞர் ஒருவர் 2017 மார்ச்சில் கோவையில் கொல்லப்பட்டதையும் நினைவில் வையுங்கள். பட்டியல் செயலாளரிடமும் ஆசிரியப் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கட்டும். சம்மதம் இல்லாமல் யார் முகமும் இன்ஸ்டாகிராமில் வரக் கூடாது. மன்றத்துக்குள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தால், "நாமே பேசி முடித்துக்கொள்ளலாம், மன்றத்தின் பெயர் கெடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவிடம்தான் அது போக வேண்டும். இதையும் விதியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

வரைவு நான்கு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழில் எழுதுங்கள், டீனுக்கு ஆங்கிலப் பிரதி கொடுங்கள். அண்ணன் இங்கே இருக்கும்போதே, பதினைந்து பேரையும் உட்காரவைத்து, பிரிவு பிரிவாகப் படித்து வாக்கெடுங்கள். அவர்கள் இல்லாத நாள் பார்த்து நிறைவேற்றினால் அடுத்த ஆண்டே அதைக் கிழித்துப் போடுவார்கள், குறை சொல்லவும் முடியாது.

பெரியார் படமா? தாராளமாக வைக்கலாம். அம்பேத்கர், பகத் சிங் படங்களும் வேண்டும் என்பார்கள், வைக்கலாம். அங்கீகார விண்ணப்பத்தில் மட்டும் யார் படமும் வேண்டாம். கூட்டத்தில் படம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் வாக்குக்கு விட்டு, அவர் சொன்ன காரணத்தோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.