சோலைவரியில் பேருந்து ஓடுமா?

கேள்வி: மாநகர சபைக்கு நாம் செலுத்தும் சோலைவரியில் (வீடு, காணி மீதான ஆதனவரியில்) ஒரு பங்கை ஒதுக்கி, மட்டக்களப்பில் நகரப் பேருந்துகளை ஓட்ட முடியாதா?
– வாசகர், கல்லடி

பதில்: முடியாத காரியமல்ல. கனடாவின் வன்கூவர் பெருநகரில் 1999 முதல் இயங்கும் டிரான்ஸ்லிங்க் என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனம், பயணக் கட்டணம், எரிபொருள் வரி ஆகியவற்றோடு ஆதனவரியிலும் ஒரு பங்கைப் பெறுகிறது. பேருந்தில் ஏறாதவரும் அதைச் செலுத்துகிறார். நல்ல சேவையால் அவருடைய காணியின் பெறுமதியும் உயரக்கூடும் என்பதால், அது நியாயமே என்பது என் எண்ணம்.

ஆனால் அங்கே அந்த வரி பல நகரங்களுக்கும் பொதுவானது. இங்கோ, கல்முனைக்குப் புறப்படும் பேருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் மாநகர எல்லை முடிந்து, காத்தான்குடி நகர சபையும், ஆரையம்பதியில் மண்முனைப் பற்றுப் பிரதேச சபையும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஒரு சபை மட்டும் வரி அறவிட்டால், கல்லடிக்காரர் கட்டிய பணத்தில் அடுத்த சபையின் மக்களும் பயணம் செய்வார்கள் (சண்டைக்கு அதுவே போதும்!). ஆகவே முதலில் இச்சபைகள் செலவைப் பகிரும் உடன்படிக்கைக்கு வர வேண்டும். வரி வீதத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.