அடான்சனும் நம் முருங்கையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களுக்கு மாணவர்களோடு சேர்ந்து பெயர்ப்பலகை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுத நினைத்தேன். சக ஆசிரியர் ஒருவர், “நம் மரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் எதற்கு? நம்மிடம் திருடியவனுக்குப் பலகை வேறா?” என்று கேட்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. முருங்கை, புங்கம் இரண்டின் பேரினப் பெயருக்குப் பின்னாலும் ‘அடான்ஸ்.’ என்று இருக்கிறது. தேடிப் பார்த்தேன். அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரராம்; இந்தியாவுக்கு வந்ததே இல்லையாம். வராதவர் எப்படி நம் முருங்கைக்குப் பெயர் வைத்தார்? பலகைகளில் தாவரவியல் பெயர் வேண்டுமா, வேண்டாமா? உங்கள் எழுத்தில் அயல்நாட்டவர் பற்றிய பேச்சே அதிகம் என்ற என் குறையையும் இத்துடன் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியில் சொன்ன குறைக்குப் பதில் இல்லை. மனம் எவரிடம் போய் நிற்கிறதோ அவரைப் பற்றித்தான் எழுத முடியும்.

ஆனால் ‘அடான்ஸ்.’ என்ற அந்தச் சிறிய ஒட்டைக் கண்டு நின்றீர்களே, அதற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். தாவரவியல் படித்த எத்தனையோ பேர் தேர்வுக்காக இரண்டு சொற்களை உருப்போட்டுவிட்டு, பின்னால் வரும் ஆசிரியர் பெயரைத் தூசிபோலத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கொஞ்ச காலமாகவே மிஷேல் அடான்சனைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வராவிட்டாலும் அவரைப் பற்றி எழுதியிருப்பேன்.

முதலில் அந்தத் ‘திருட்டு’. உங்கள் சக ஆசிரியர் வகுப்பறையில் இப்படிப் பேசுகிறார் என்றால் தயவுசெய்து தடுங்கள். ஐரோப்பியர்கள் நம்மிடமிருந்து கொண்டுபோனவற்றின் பட்டியல் நீளமானது. அதை ஆதாரத்தோடு பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் முருங்கையை முருங்கை என்றே எழுதிவைத்தவனைப் பிடித்துத் திருடன் என்பது படிக்க மறுக்கும் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்களும் “சரியென்றே படுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அப்படிப் பட்டிருக்கக் கூடாது.

அடான்சன் 1727இல் தென் பிரான்சின் எக்ஸ் நகரில் பிறந்தவர். 1749இல், இருபத்தோரு வயதில், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் செனகலுக்குக் கப்பல் ஏறினார். புதுச்சேரியில் அப்போது துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்தாரே, அதே கம்பெனி. வந்திருந்தால் இங்கேயும் வந்திருக்கலாம், ஆப்பிரிக்காவைத்தான் தேர்ந்தெடுத்தார். வெயிலும் காய்ச்சலும் மற்றவர்களை அஞ்சவைத்த இடம் என்பதாலேயே அங்கு யாரும் பார்க்காதவை நிறைய இருக்கும் என்று நம்பினார். செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சேன்-லூயி தீவில் தங்கி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அலைந்தார். வோலோஃப் மொழியைக் கற்றுக்கொண்டார். செடியைக் கண்டால் அங்குள்ளவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதினார். ஓர் இரவு அந்த மக்கள் வானத்துக் கோள்களையும் விண்மீன்களையும் அவருக்கு அடையாளம் காட்டினார்கள். தகுந்த கருவிகள் இருந்தால் இவர்கள் சிறந்த வானியலாளர்கள் ஆவார்கள் என்று பயணநூலில் எழுதினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் பின்னாளில் அந்த நூலைச் சான்றாகக் காட்டினார்கள்.

சேன்-லூயிக்கு அருகே சோர் என்று ஒரு தீவு. வேட்டைக்காக அங்கே போனவர் ஒரு மரத்தைக் கண்டதும் வேட்டையை மறந்துவிட்டார். இரு கைகளையும் முழுக்க விரித்து அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தார். பதின்மூன்று முறை விரிக்க வேண்டியிருந்தது. அப்புறம் கயிறு பிடித்து அளந்தார், 65 அடி. அதுதான் பாவோபாப். ராமநாதபுரத்துப் பக்கம் ஆனைப்புளி என்றும் மன்னாரில் பெருக்கமரம் என்றும் சொல்கிறோமே, அந்த மரம். அதன் தாவரவியல் பெயர் இன்று அடான்சோனியா. இந்தப் பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவரைப் போற்றுவதற்காக மற்றவர்கள் வைத்தார்கள். தம் நூலில் அவர் பாவோபாப் என்றே எழுதினார்.

காரணம், அவருக்கும் ஸ்வீடனின் லின்னேயஸுக்கும் இருந்த பிணக்கு. முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம் என்று இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை 1753இல் உலகத்துக்கே நிலைநாட்டியவர் லின்னேயஸ். அவருடைய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கிரேக்க வேரோ லத்தீன் வேரோ இல்லாத சொல் பேரினப் பெயராக வரக் கூடாது என்று அவர் விதி செய்தார். மற்றவையெல்லாம் அவருக்குக் காட்டுமிராண்டிப் பெயர்கள். அந்த விதியின் கீழ் நம் கொல்லையும் குளமும் என்ன ஆயின என்று பாருங்கள். முருங்கையைக் கழற்சிக்காயோடு சேர்த்து, கில்லாண்டினா என்ற பேரினத்தில் போட்டார். அது ஓர் ஐரோப்பிய மூலிகை அறிஞரின் நினைவாக வந்த பெயர். ‘மொரிங்கா’ என்பது இரண்டாம் இடத்தில் சிற்றினப் பெயராக ஒட்டிக்கொண்டது. துவரைக்கும் புங்கத்துக்கும் சிட்டிசஸ் என்று ஐரோப்பியப் புதர் ஒன்றின் பேரினம். தாமரையை அல்லியின் பேரினத்துக்குள் தள்ளினார்.

1763, 1764 ஆண்டுகளில் அடான்சனின் ‘தாவரக் குடும்பங்கள்’ இரண்டு தொகுதிகளாக வந்தது. முருங்கை அதில் மொரிங்கா என்ற தனிப் பேரினம். தாமரை அதன் சிங்களப் பெயரால் நெலும்போ. துவரை கஜான். அகத்தியின் பேரினம் செஸ்பான், அரபியிலிருந்து வந்தது. புங்கம் எந்த வாலும் இல்லாமல் ‘பொங்கம்’ என்றே நிற்கிறது. பொங்காமியா என்ற லத்தீன் ஒப்பனை பின்னால் வந்தவர்கள் செய்தது. மொரிங்கா, நெலும்போ போன்ற சொற்கள் அதற்கு முன்பே ஐரோப்பிய நூல்களில் புழங்கியவைதான். அவற்றை முதலிடத்தில் உட்காரவைக்க விதியை மீறுகிற மனம் வேண்டியிருந்தது. ஒரு செடியோடு வாழ்கிறவர்களுக்கு அதன் பெயர் தெரியும் என்று அவர் உறுதியாக நம்பினார். செனகலில் கேட்டுக் கேட்டு எழுதியபோது வந்த நம்பிக்கை அது.

அவருடைய வகைப்பாட்டு முறை பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு செடிகளைப் பிரிப்பது லின்னேயஸ் வழி. ஓர் உறுப்பை மட்டும் பார்க்காதே, எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பார் என்பது அடான்சன் வழி. 58 குடும்பங்கள் வகுத்தார். இப்போதைக்கு இது போதும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவுக்கு வராதவருக்கு இந்தப் பெயர்களில் பலவற்றைக் கொண்டுசேர்த்தது ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீடு தயாரித்த நூல். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சானது. செடிகளின் பெயர்களையும் குணங்களையும் சொன்னவர் இட்டி அச்சுதன், சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர். தம் குடும்பத்துச் சுவடிகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் இவற்றைச் சொன்னேன் என்று அவர் கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்தில் எழுதித்தந்த வாக்குமூலம் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் கூடவே இருக்கிறது. சொன்னவர்களின் பெயரைச் சொன்னவர்களின் எழுத்திலேயே 17ஆம் நூற்றாண்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலை நினைவு வந்து நெஞ்சு கசக்கும். கல்லூரி நாட்களில் ஒரு தாவரச் சேகரிப்புக் குழுவோடு உதவியாளாகப் போயிருந்தேன். எங்களை வழிநடத்தியவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு முதியவர். வெற்றிலையை மென்றபடி முன்னால் நடப்பார். நாங்கள் பூவில்லாத செடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், இலையைக் கசக்கி முகர்ந்து பெயரைச் சொல்வார். எந்த மாதம் பூக்கும், எந்தச் சரிவில் நிறையக் கிடைக்கும், பிரசவித்தவளுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்வார். அவர் இல்லாவிட்டால் அந்தக் குழு வெறும் பைகளோடு மலையிறங்கியிருக்கும். திரும்பி வந்து ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரத் தொகுப்புக்காகச் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாள்களில் ஒட்டினோம். சீட்டில் குடும்பம், பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் என்று கட்டங்கள். சேகரித்தவர் கட்டத்தில் பேராசிரியரின் பெயர். சொன்னவருக்குக் கட்டமே இல்லை. நான் ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் பென்சிலால் அவர் பெயரையும் அவர் சொன்ன பெயரையும் எழுதினேன். மறுநாள் அழித்துவிட்டார்கள். “இது ஹெர்பேரியம், வாக்காளர் பட்டியல் அல்ல” என்றார் ஒருவர். அந்தச் சொல்லை நான் மன்னிக்கவே இல்லை.

அந்தக் குழுவில் ஒரு வெள்ளைக்காரன்கூடக் கிடையாது, ஆசிரியை அவர்களே. எல்லோரும் தமிழர்கள். மேடையில் ஏறினால் மண்ணின் அறிவு என்று முழங்குகிறவர்கள். உங்கள் சக ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்று கோபப்படுவதற்கு முன்னால், அதை முதலில் சொன்னவர் யார் என்று அவர் என்றாவது கேட்டிருக்கிறாரா? உங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வளாகத்தில் உள்ள களைகளின் பெயர் தெரிந்திருக்கும். ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு உங்களைவிட அதிகப் பெயர்கள் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்காமல் பாடநூலைப் பார்த்துப் பலகை எழுதினால், தமிழில் எழுதினாலும் அந்த மனிதர்களை அழிக்கும் வேலைதான் நடக்கிறது.

அடான்சனைப் புனிதராக்க நான் முயலவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி அடிமை வியாபாரம் செய்தது. செனகல் கரையோரத்துக் கோரே தீவிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றிய அதே நிர்வாகத்தின் கூரையின் கீழ்தான் அவர் செடிகளை உலர்த்தினார். இதைத் தெரிந்துகொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர்களைச் சொல்லித்தந்த வோலோஃப் மனிதர்களுக்கு இட்டி அச்சுதனுக்குக் கிடைத்ததுபோல ஒரு பக்கம் கிடைக்கவில்லை. அந்த வகையில் வான் ரீடுதான் அவரைவிட நேர்மையானவர்.

ஆனாலும் அந்த மனிதர்மீது எனக்குப் பிரியம் குறைவதில்லை. உலகில் உள்ள அனைத்தையும் தம் முறைப்படி அடுக்கி ஒரு மாபெரும் கலைக்களஞ்சியம் எழுதத் திட்டமிட்டு அறிவியல் கழகத்திடம் கொடுத்தார். யாராலும் முடிக்க முடியாத அளவு, கழகம் ஏற்கவில்லை. விடாமல் வாழ்நாள் முழுக்கக் குறிப்பெடுத்தார். பிரெஞ்சுப் புரட்சி வந்து ஓய்வூதியம் நின்றது. புதிதாகத் தொடங்கிய பிரெஞ்சு அறிவுக்கழகம் அழைத்தபோது, போட்டுக்கொண்டு வரக் காலணி இல்லை என்று பதில் அனுப்பினார். 1806இல் பாரிஸில் இறந்தார். தாம் வகுத்த 58 குடும்பங்களிலிருந்தும் பூ எடுத்துக் கட்டிய ஒரு மாலை தவிர வேறு அலங்காரம் எதுவும் சவப்பெட்டிமேல் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். பட்டினியோடு கிடந்தவன் தன் சாவுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

பலகைகளில் தாவரவியல் பெயரையும் எழுதுங்கள். உங்கள் மாணவி நாளை செனகல்காரர் ஒருவரிடம் முருங்கையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மொரிங்காதான் கைகொடுக்கும். மேலே ஊரில் வழங்கும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மாணவர்களை வீடுகளுக்கு அனுப்பி ஒவ்வொரு மரத்துக்கும் என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுவரச் செய்யுங்கள். எவர் சொன்னாரோ அவருடைய பெயரை, அவர் சம்மதித்தால், பலகையின் கடைசி வரியில் எழுதுங்கள். ஊரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

தாவரவியல் பெயர்களைச் சரிபார்க்க இணையத்தில் கண்டதையெல்லாம் நம்பாதீர்கள். திருச்சியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அருட்தந்தை கே. எம். மேத்யூ அங்கிருந்து எழுதிய தமிழ்நாட்டுத் தாவரநூல் தொகுதிகள் உங்கள் பகுதிக்குப் பயன்படும். புங்கத்துக்கு மட்டும் சிக்கல் வரும். சில நூல்கள் அதை ஒரு தனிமனிதரின் பெயர் தாங்கிய மில்லெட்டியா என்ற பேரினத்துக்குள் கொண்டுபோய்விட்டன, வேறு சில பொங்காமியாவையே வைத்திருக்கின்றன. நீங்கள் பொங்காமியா என்றே எழுதுங்கள். யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.