வாசகர் கேள்வி: வறுமை ஒழிப்புத் திட்டத்தில் மக்கள் சொல் ஏறுமா?

கேள்வி: ஏழை நாடுகளில் வறுமை ஒழிப்புத் திட்டம் வகுக்கும்போது தன்னார்வ அமைப்புகளையும் கலந்துகொள்வதாகச் சொல்கிறார்கள். அதனால் திட்டம் உண்மையிலேயே மாறிய நாடு ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உகாண்டாவில் மாறியது, ஓரளவுக்கு.

கடன் நிவாரணம், அதாவது வெளிநாட்டுக் கடனில் தள்ளுபடி, கேட்கும் நாடுகள் மக்கள் பங்கேற்போடு வறுமைக் குறைப்பு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் 1999இல் விதித்தன. உகாண்டாவோ 1997இலேயே தனக்கென ஒரு செயல்திட்டம் வகுத்திருந்தது. 2000இல் அது திருத்தப்பட்டபோது, கடனுக்கு எதிராகப் போராடிவந்த 'உகாண்டா டெப்ட் நெட்வொர்க்' முன்னின்று தன்னார்வ அமைப்புகளை ஒரே பணிக்குழுவாகத் திரட்டியது.

அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது, அரசு ஆக்ஸ்ஃபாம் என்னும் பன்னாட்டுத் தொண்டு அமைப்போடு சேர்ந்து நடத்திய மக்கள் பங்கேற்பு வறுமை ஆய்வு. ஏழ்மை என்றால் என்ன என்று கிராமத்தாரிடமே கேட்டபோது, வருமானக் கணக்கில் ஒருபோதும் அகப்படாத உயிர்ப்பயமும் உடைமைக்குப் பாதுகாப்பின்மையும், குடிநீருக்காக அன்றாடம் படும் பாடும் முன்னுக்கு வந்தன. திருத்திய திட்டத்தில் பாதுகாப்பும் நல்லாட்சியும் முதன்மை இலக்குகளுள் இடம்பெற்றன. குடிநீருக்கான ஒதுக்கீடும் கூடியது. கிராமத்தில் சொன்ன ஒரு சொல் வரவுசெலவுத் திட்டம்வரை போய்ச் சேர்ந்ததை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

ஆனால் ஒதுக்கிய பணம் ஊர்போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளின் சம்பளமல்லாத செலவுகளுக்கு நடுவண் அரசு அனுப்பிய மானியத்தில், சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை அடைந்தது என ஓர் ஆய்வு கண்டது. அதன்பின் மாவட்டவாரியாக அனுப்பிய தொகை செய்தித்தாள்களில் வெளியிடப்பட்டது. பள்ளிகளைச் சென்றடையும் பங்கும் வெகுவாக உயர்ந்தது. கடன் நிவாரணத்தால் மிஞ்சிய பணத்துக்கென 1998இல் வறுமை நடவடிக்கை நிதி அமைந்தபோது, தன்னார்வ அமைப்புகள் மாவட்டங்களில் கண்காணிப்புக் குழுக்களை நிறுவி, பள்ளிக் கட்டடமும் சாலையும் கணக்கில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நேரில் சென்று பார்த்தன. பங்கேற்பு என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தது, கருத்துக் கேட்புக் கூட்டங்களைவிட இந்தக் கண்காணிப்புதான் என்பது என் துணிபு.

'ஓரளவுக்கு' என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பணவீக்க இலக்கு, வரவுசெலவுப் பற்றாக்குறைக்கு வரம்பு போன்றவை நிதியமைச்சகத்துக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் இடையிலேயே முடிவாயின. எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதில் மக்கள் பேச முடிந்தது. மொத்தத்தில் எவ்வளவு செலவிடலாம் என்பதில் அவர்களை யாரும் கேட்கவில்லை.