கீரைக்கட்டும் ரேஷன் பருப்பும்: அன்றாட உடல்நலம் பற்றிய கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றின் உணவியல் பிரிவில் பல்லாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதிகம் செலவில்லாமல் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பலரும் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

அம்மா, என் மகளுக்கு 16 வயது. ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. தினமும் பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழ சிரப்பும் கொடுக்கிறோம். மூன்று மாதமாகியும் ஏறவில்லை. எதை மாற்ற வேண்டும்? (திருத்துறைப்பூண்டி, ஒரு தாய்)

முதலில் பீட்ரூட்டை விட்டுவிடுங்கள் அம்மா. அதன் சிவப்புக்கும் இரத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் அளவுக்குக்கூட இரும்புச்சத்து தேறுவது கடினம். சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரை.

இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 9.2 என்பது உணவால் மட்டும் ஈடுகட்டக்கூடிய குறைவு அல்ல, இரும்புச்சத்து மாத்திரை தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை குறைவு வராமல் தடுப்பதற்கானது. வந்த குறைவைச் சரிசெய்ய எத்தனை மாத்திரை, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்வார். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திய பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னும் மூன்றைக் கவனியுங்கள். குடற்புழு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை நம் வீடுகளில் பலர் ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். அடுத்து, மாதவிடாயில் அதிகமாக இரத்தம் போகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வெட்கத்தால் சொல்லாமல் இருப்பார்கள். எட்டு நாள், பத்து நாள் போகிறது என்றால் எதைச் சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் நிற்காது. மூன்றாவது, சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

உணவில், கீரையைச் சமைத்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் அரைக் கொய்யா கொடுங்கள். கீரை, பயறு, கொள்ளு ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால்தான் சேரும். ஒரு நடுத்தரக் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் குறைவு. அசைவம் உண்பவர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள். சுவரொட்டி நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னது முற்றிலும் சரி. தாளிக்கவும் தோசை வார்க்கவும் பழைய இரும்புச் சட்டியை எடுத்துப் புழங்குங்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. களைப்பு, தலைசுற்றல், படிப்பில் நாட்டமின்மை என்று பிள்ளைகளைக் குறை சொல்லும் இடங்களில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்குமோ என்று எனக்கு எப்போதும் தோன்றும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யுங்கள்.

நான் இரவுக் காவல் பணியில் இருக்கிறேன். விழித்திருக்க ஏழெட்டு டீ குடிப்பேன். பகலில் தூக்கம் சரியாக வருவதில்லை, வயிற்றெரிச்சலும் இருக்கிறது. (அம்பத்தூர்)

தம்பி, ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் எட்டு டீயில் ஏறத்தாழ 80 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. டீயை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. பணி தொடங்கும்போது ஒன்று, நள்ளிரவில் ஒன்று, அதோடு போதும். வேலை முடியும் நேரத்தில் குடிக்கும் டீதான் உங்கள் பகல் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நடுவில் பசிக்கும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவித்த சுண்டல், இவற்றில் ஒன்றை டப்பாவில் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைக் கனத்த துணியால் மறைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். பகலில் தூங்குபவரை எழுப்பாமல் இருப்பதும் ஒரு மருத்துவம் என்று வீட்டாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எரிச்சல் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ். ஆனாலும் அளவு குறையவில்லையே? (நத்தம், 52 வயது)

ஐயா, நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சர்க்கரையே. கொஞ்சம் தாதுக்கள் கூட இருக்கலாம். உங்கள் இரத்தத்தில் ஏறும் அளவுக்கு அதனால் வித்தியாசமில்லை. தேனும் அப்படித்தான்.

கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது; அரிசியில் பத்துக்கூடத் தேறாது. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றும். முழுத் தானியமாக வேகும் சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவை அதைவிட மேல். அவற்றையும் தட்டு நிறைய அல்ல, ஒரு கப் அளவு. தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள். பருப்போ முட்டையோ கட்டாயம் இருக்கட்டும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடங்கள். மூன்று வேளையும் முடிந்தால் மூன்று வேளையும். இதற்குக் காலணிகூட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். வெந்தயம் ஓரளவு உதவும். மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

மாத்திரைச் செலவு சுமையாக இருந்தால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை வாங்கக் காசில்லாமல் கஷாயத்துக்கு மாறிக் கால்விரலை இழந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடைப்பயிற்சி நண்பர்கள் தினமும் வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிக்கச் சொல்கிறார்கள். நல்லதா? (கோவை)

வேண்டாம். சுரைக்காய் சில சமயம் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருளால் வருவது. கசந்த சாற்றைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் உயிரிழந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. கசப்பு நல்லது என்ற நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவதுதான் இதில் ஆபத்து. சுரைக்காயைக் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். சமைக்கும்முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது.

பச்சைக் கீரைகளைக் கட்டுக் கட்டாக அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. கீரை பொரியலுக்கும் மசியலுக்கும் உரியது.

பேரக்குழந்தைக்கு 20 நாள். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடலாமா? வசம்பு உரசிக் கொடுக்கலாமா? (உசிலம்பட்டி)

இரண்டும் கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். வாயால் ஊதிச் சளி எடுப்பதும் அப்படியே ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்; தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, வசம்பு எதுவும் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவவே கூடாது. உடம்புக்கு இதமாக எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். அந்தச் சுகம் குழந்தைக்கும் உங்களுக்கும் போதும்.

இரத்த அழுத்தத்துக்காக இந்துப்புக்கு மாறிவிட்டோம். சரிதானே? (தூத்துக்குடி)

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறத்தை மாற்றிப் பயனில்லை, அளவைக் குறைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். பாக்கெட் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவைத்து, எப்போது தீர்கிறது என்று பாருங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் சேராமல் தனியாக உள்ளே போகிறது. உங்கள் ஊரில் கருவாட்டை விடச் சொன்னால் கோபம் வரும். மாதம் ஓரிருமுறை, நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் வேறு உப்பே போடாமல் சமையுங்கள்.

மூட்டுவலிக்கு வைட்டமின் டி குறைவு என்றார்கள். தினமும் காலை ஆறரைக்கு வெயிலில் நிற்கிறேன். போதுமா?

அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. முற்பகல் 11 மணிக்குப் பிறகு, முகத்தை நிழலில் வைத்து, கைகால்களில் படும்படி பதினைந்து இருபது நிமிடம் போதும். துணி காயப்போடும் வேலையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கடும் கோடையில் தலை சுற்றினால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். குறைவு மிகுதி என்றால் மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும்.

காய்ச்சல் என்றால் நிலவேம்புக் குடிநீர் மட்டும் போதுமா? (காஞ்சிபுரம்)

குடிக்கலாம்; கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் அளவு கேட்டு, இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்டபிறகுதான் ஆபத்தான நாட்கள் தொடங்கும். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் இரத்தம், அளவு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. வலி மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். பாராசிட்டமால் தவிர மற்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

வயிற்றுப்போக்குக்கு வீட்டில் உடனடியாக என்ன செய்வது?

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கைவசம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுவே சிறந்தது. 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார்.

மாதம் 500 ரூபாய் கூடுதலாக ஒதுக்க முடியும். பிள்ளைகளுக்குச் சத்துமாவு பானம் வாங்கலாமா? (விருத்தாசலம், இரண்டு பிள்ளைகளின் தந்தை)

வாங்க வேண்டாம் ஐயா. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பல டப்பாக்களில் சர்க்கரைதான் தாராளமாக இருக்கிறது. பின்பக்க எழுத்தைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்துச் சந்தை விலையில் உங்கள் பணத்துக்குக் கணக்குப் போடுகிறேன். முப்பது முட்டை சுமார் 200 ரூபாய். வாரம் இரண்டு கட்டு என்று மாதம் எட்டுக் கட்டுக் கீரை 160. அரைக் கிலோ வேர்க்கடலை 75. மீதியில் ஒரு கிலோ கொய்யா. முருங்கை மரம் பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். கீரையில் மிச்சமாகும் பணத்தில் ஒருநாள் மத்தி மீன் வாங்கலாம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை ஒரு மாதமும் விடாதீர்கள். சாம்பாரைத் தண்ணீராக வைக்காமல் பருப்பைக் கெட்டியாகப் போட்டு, பிள்ளைகளுக்கு அடியிலிருந்து கரண்டி விட்டுப் பரிமாறுங்கள்.