இருட்டறை கேள்வி–பதில்: நெகட்டிவோடு நின்றுவிடாதீர்கள்

கேள்வி: 36 படம் எடுத்த கறுப்பு-வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவினேன். முழுச் சுருளும் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. தப்பு கேமராவிலா, கெமிக்கலிலா?

பதில்: சுருளின் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் ஃப்ரேம் எண்களும் தயாரிக்கும் இடத்திலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. படத்தைக் கறுக்க வைக்கும் கரைசலான டெவலப்பர் வேலை செய்தால்தான் அவை கறுத்துத் தெரியும்.

எண்கள் பளிச்சென்று இருந்து படம் மட்டும் இல்லையென்றால், ஃபிலிம் மேல் வெளிச்சமே விழவில்லை. பெரும்பாலும் ஃபிலிம் நுனி எதிர்ப்பக்க உருளையில் பிடிக்காமல் நழுவியிருக்கும். அடுத்த சுருள் போடும்போது ரீவைண்ட் குமிழை மெல்லத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள். குமிழ் தானாகச் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சும்மா நின்றால் மூடியைத் திறந்து மறுபடி மாட்டுங்கள்.

ஓர எண்களும் இல்லையா? டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது பாட்டில் மாறி ஃபிக்ஸரை (படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) முதலில் ஊற்றிவிட்டீர்கள். இனி ஒவ்வொரு முறையும், வெட்டி எறியும் ஃபிலிம் நுனியை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் கறுக்க ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் சுருளை ஃபிக்ஸரில் வைக்க வேண்டும். புது ஃபிக்ஸரில் தெளிந்த நேரத்தைப் போல் இருமடங்கு ஆகத் தொடங்கினால் அந்த ஃபிக்ஸர் தீர்ந்தது.

கேள்வி: குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கிறது. 20 டிகிரிக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், 24 போதும். டிகிரி ஒன்று கூடினால் நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் 1+1 கலவையில் (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) கழுவ 20 டிகிரியில் 13 நிமிடம். 24-ல் சுமார் 9 நிமிடம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போகும்படி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். டெவலப்பரை ஊற்றி முடிப்பதற்குள்ளேயே வேலை பாதி நடந்து, வானப் பகுதியில் திட்டுத்திட்டாக விழும். குளிர்விக்க, ஐஸ் கட்டியை மூடிய பையில் போட்டு பாட்டில்கள் நிற்கும் வாளியில் மிதக்கவிடுங்கள்; கரைசலுக்குள் போட்டால் அது நீர்த்துவிடும். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் நான்கும் ஓரிரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

கேள்வி: என் பிரிண்டுகள் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கின்றன. கறுப்பு கறுப்பாகவே வருவதில்லை. நெகட்டிவ் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதல் சந்தேகம் உங்கள் கை மேல். தட்டில் படம் வேகமாகக் கறுப்பதைப் பார்த்துப் பயந்து, 20 விநாடியிலேயே வெளியே எடுத்துவிடுகிறீர்களா? அப்படி எடுத்த பேப்பரில் கறுப்பு முழுதாக ஊறியிருக்காது. ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) பேப்பருக்கு 1+9 மல்டிகிரேடு டெவலப்பரில் முழு 60 விநாடி, ஃபைபர் (பிளாஸ்டிக் பூசாத) பேப்பருக்கு 2 நிமிடம். படம் கறுத்துப் போனாலும் கடைசிவரை விடுங்கள். அது எக்ஸ்போஷரின் பிழை. அதை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் என்லார்ஜரில்தான் திருத்த வேண்டும்.

திருத்துவது இப்படி. லென்ஸை எஃப்8-க்குச் சுருக்கி, 2-ம் எண் ஃபில்டர் (எண் கூடினால் கறுப்பு-வெள்ளை வேறுபாடு கூடும்) போட்டு, ஒரு துண்டுப் பேப்பருக்கு முழுவதும் 8 விநாடி கொடுங்கள். அட்டையால் ஒரு விரற்கடை மூடி மேலும் 3 விநாடி. இன்னும் நகர்த்தி 5, பிறகு 6, பிறகு 10. இப்போது 8, 11, 16, 22, 32 விநாடி கொண்ட ஐந்து பட்டைகள் கிடைக்கும். ஐந்தைந்து விநாடியாகக் கூட்டினால் ஆரம்பப் பட்டைகளுக்குள் பெரிய தாவல் இருக்கும், கடைசிப் பட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். இந்த முறையில் ஒவ்வொரு படியும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). வெள்ளைச் சட்டையின் மடிப்பு லேசாகத் தெரியத் தொடங்கும் பட்டை எதுவோ, அதுவே உங்கள் நேரம். கறுப்பை இப்போது பார்க்காதீர்கள்.

அந்த நேரத்துக்கு முழு பிரிண்ட் போட்ட பிறகு கறுப்பைப் பாருங்கள். தலைமுடி சாம்பலாக இருந்தால் ஃபில்டரை 3-க்கு ஏற்றுங்கள். கரிக்கட்டையாகி இழை தெரியாமல் போனால் 1½-க்கு இறக்குங்கள். வெள்ளைக்கு நேரம், கறுப்புக்கு ஃபில்டர்: இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்கப் பேப்பர்தான் வீணாகும். இல்ஃபோர்டு ஃபில்டர்களில் 4, 4½, 5-க்கு நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

அப்படியும் வெள்ளை அழுக்காகவே இருந்தால் சேஃப்லைட்டை (பேப்பரைக் கறுக்க வைக்காத இருட்டறை விளக்கு) சோதியுங்கள். பேப்பர் மேல் காசு வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது: வெளிச்சமே படாத பேப்பர் சிறிய அளவு ஒளியைக் காட்டிக்கொடுக்காது. எனவே சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, வெளிர் சாம்பல் வருகிற அளவு என்லார்ஜர் வெளிச்சத்தை முதலில் கொடுங்கள். பிறகு காசை வைத்து, சேஃப்லைட்டைப் போட்டு 5 நிமிடம் விட்டு, அதை அணைத்துவிட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு குற்றவாளி. 15 வாட்டுக்கு மேல் பல்பு வேண்டாம், பேப்பரிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: இப்போது போய் என்லார்ஜர் வாங்குவது புத்திசாலித்தனமா? ஃபிலிமே நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: ஃபிலிம் நிற்காது என்றே நம்புகிறோம். நின்றதெல்லாம் திரும்பி வந்த காலம் இது. 2012-ல் கோடாக் கைவிட்ட எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் 2018-ல் மீண்டும் வந்தது. ஃபூஜி 2018-ல் நிறுத்திய ஆக்ராஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம், அடுத்த ஆண்டே ஆக்ராஸ் 2 ஆக வந்தது. 2023-ல் ஹார்மன் நிறுவனம் ஃபீனிக்ஸ் என்ற புதிய கலர் ஃபிலிமையே கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புது ஃபிலிம் கேமரா வந்தது. கோடாக்கின் பூச்சு இயந்திரங்களுக்கு சினிமா ஃபிலிமும் வேலை கொடுக்கிறது.

எங்கள் கவலை பேப்பரைப் பற்றித்தான். கோடாக் 2005-ல் கறுப்பு-வெள்ளை பேப்பரை நிறுத்தியது. அது திரும்பவே இல்லை. எக்டாக்ரோம் திரும்பியது, ஸ்லைடிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் போட்ட சிபாக்ரோம் பேப்பர் திரும்பவில்லை. கலர் நெகட்டிவுக்கான ஆர்.ஏ.-4 பேப்பர் டிஜிட்டல் லேப்களின் புண்ணியத்தில் ஓடுகிறது. கறுப்பு-வெள்ளை பேப்பருக்கு அப்படி ஒரு பெரிய வாடிக்கை கிடையாது. இருட்டறையில் நிற்பவர்கள் வாங்கினால்தான் உண்டு. இன்று ஃபிலிம் எடுப்பவர்களில் மிகப் பலர் நெகட்டிவை ஸ்கேன் செய்து, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபிலிம் ஓடும், பேப்பர் தேயும். அதனால் என்லார்ஜர் வாங்குங்கள் என்று மனதாரச் சொல்கிறோம். மாதம் பத்து பிரிண்ட் போட்டாலும் அது கணக்கில் சேரும்.

பழைய என்லார்ஜரில் பார்க்க வேண்டியவை: தூண் ஆடக் கூடாது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6x6-க்கு 75 அல்லது 80. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை ஓடினால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நெகட்டிவைப் பிடித்துவைக்கும் நெகட்டிவ் கேரியர் இருக்கிறதா என்று கேளுங்கள், தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டிருந்தால் மல்டிகிரேடு ஃபில்டர் எண்கள் அப்படியே பொருந்தாது. அதன் நீலம்-பச்சை விகிதம் வேறு. ஒவ்வொரு எண்ணையும் நீங்களே சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஃபைபர் பிரிண்ட் சில மாதங்களிலேயே பழுப்பேறுகிறது. ஆர்.சி. மாதிரியேதான் அலசுகிறேன்.

பதில்: அதுதான் காரணம். ஆர்.சி. பேப்பர் பிளாஸ்டிக் பூசியது, 2 நிமிட ஓடும் தண்ணீர் போதும். ஃபைபரில் ஃபிக்ஸர் காகித நாருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. 1+4 ராபிட் ஃபிக்ஸரில் 60 விநாடிக்கு மேல் ஊறவிடாதீர்கள். நேரம் கூடக் கூட இன்னும் ஆழமாக இறங்கும். பிறகு 5 நிமிடம் ஓடும் தண்ணீர், 10 நிமிடம் வாஷ் எய்ட் (ஃபிக்ஸரை வெளியேற்ற உதவும் கரைசல்), மறுபடி 5 நிமிடம் தண்ணீர். வாஷ் எய்ட் இல்லையென்றால் ஒரு மணி நேரம். பிரிண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் எத்தனை மணி நேரமானாலும் அலசினதாகாது. பிரித்துப் பிரித்துப் புரட்டுங்கள். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது, வாய்க்காலில் ஊற்றாதீர்கள். பூச்சில்லாத இரும்புக் கம்பிச் சுருணையை அதில் ஊறப்போட்டால் வெள்ளி கறுப்பு வண்டலாக இறங்கும். மூடியைத் தளர்வாக வைத்து, சில நாள் கழித்து வடித்தெடுத்து, வண்டலையும் மிச்சத்தையும் ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.