உறவுகளையும் உடல் நெருக்கத்தையும் பற்றி மட்டுமே படம் எடுக்க நினைக்கும் சுயாதீன இயக்குநர் மும்பையில் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்தப் படமே சோறு போடும் என்று நம்பி வராதீர்கள். நான் அந்தேரியில் எடிட்டிங் அசிஸ்டென்ட், வீடு சயான் கோலிவாடாவில். எனக்குத் தெரிந்த சுயாதீன இயக்குநர்கள் எல்லோரும் விளம்பரம், கார்ப்பரேட் வீடியோ என்று ஏதாவது செய்து வாடகையைக் கட்டிவிட்டுத்தான் சொந்தக் கதைக்கு உட்காருகிறார்கள்.

பாயல் கபாடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 2021இல் அவருடைய ஆவணப்படத்துக்கு பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் விருது. 2024இல் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ அங்கேயே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. போட்டிப் பிரிவுக்கு இந்தியப் படம் ஒன்று போனதே 30 வருடம் கழித்துத்தான். பிரான்ஸ், நெதர்லாந்து என்று பல நாட்டுப் பணம் சேர்ந்துதான் அந்தப் படம் உருவானது.

அதில் நர்ஸ் பிரபாவுக்குத் தபாலில் ஒரு ரைஸ் குக்கர் வரும். அனுப்பியவர் பெயர் இருக்காது. புருஷன் ஜெர்மனியில், பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கும். ராத்திரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்வாள். நான் பார்த்த நெருக்கமான காட்சிகளில் இதற்கு ஈடு இல்லை. கூட இருக்கும் சின்னப் பெண் அனுவுக்கும் அவள் காதலனுக்கும் தனியாக இருக்க ஓர் இடம் கிடைக்காது. தாராவியில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் குடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜோடிகளைப் பாருங்கள், உங்கள் கதை அங்கேயே இருக்கிறது.

பணத்துக்கு, கோவாவில் நவம்பரில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையில் ஸ்கிரிப்டை வைத்துப் பாருங்கள். கூட்டுத் தயாரிப்பாளர்கள் அங்கே வருவார்கள்.

சென்சார்தான் பெரிய இடி. வெட்டச் சொன்னால் முறையிட முன்பு ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான், வக்கீல் செலவு சின்னப் படத்துக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பயந்து எழுதும்போதே கை நடுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, இதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். நெருக்கமான காட்சிகளில் எது வரை நடிக்கச் சம்மதம் என்று நடிகர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். எடுத்த ஃபுட்டேஜைத் தனி ஹார்ட் டிஸ்கில் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். எடிட்டரைத் தவிர வேறு யார் கைக்கும் அது போகக் கூடாது. வேண்டாத டேக்குகளை, படம் முடிந்ததும் நடிகருக்குச் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.