நிக்கோலஸ் பிடில் யார்?

அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனோடு மோதித் தோற்ற வங்கியாளர் என்பதற்கு மேல் பிடிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள், நிறையவே இருக்கிறது. 1786இல் பிலடெல்பியாவில் பிறந்து, 15 வயதிலேயே பிரின்ஸ்டனில் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக் குறிப்புகளைத் தொகுத்துச் சீர்படுத்தியவர். பென்சில்வேனியா சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தவர்.

1823இல், மத்திய அரசின் உரிமத்தோடு அரசுப் பணத்தை வைத்திருந்த ‘அமெரிக்காவின் இரண்டாம் வங்கி’க்குத் தலைவரான பின், மாநில வங்கிகள் வெளியிட்ட நோட்டுகள் கைக்கு வந்தவுடன் அவற்றை அந்தந்த வங்கிக்கே திருப்பியனுப்பி, ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கேட்டு, அவை அளவுக்கு மீறி நோட்டு அச்சிடாமல் கட்டுப்படுத்தினார். இதையே அவருடைய தலையாய சாதனையாகக் கருதுகிறேன்.

அந்த வங்கியின் உரிமம் 1836 வரை இருந்தும் 1832இலேயே புதுப்பிக்கக் கோரியது அவசரம். ஜாக்சன் அதை மறுத்து, அடுத்த ஆண்டே அரசுப் பணத்தையும் வேறு வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கியபோது, பிடில் கடன்களைச் சுருக்கி வணிகர்களை நெருக்கியது பெரும் பிழை. பின்னர் பென்சில்வேனியா மாநில அரசின் உரிமத்தில் நடந்த அந்த வங்கி 1841இல் நொடித்துப்போனது. 1844இல் அவர் காலமானார்.